சுவர் வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி வைங்க

தை மாசக் கடைசி. காப்பிப் பழம் பறிப்பு முடிகிற நேரம். சென்னை நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். நாலு வருஷம் முன்னாடி எங்க தோட்டத்துக்குப் பக்கத்தில் 12 சென்ட் வாங்கி வீடு கட்டியவர். லீவு விட்டால் குடும்பத்தோடு வந்து இருந்துவிட்டுப் போவார். போட்டோவில் இருந்தது, வீட்டுக்கு முன்பக்கச் சரிவில் அவர் கட்டியிருக்கும் தாங்கு சுவர். பதினோரு அடி உயரம். மேலிருந்து கீழாக ஒரு விரிசல், சுண்டுவிரல் நுழையும்.

"அண்ணா, ரெண்டு மூட்டை சிமென்ட் கலந்து பூசிட்டா போதும்ல? கோடை மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு இருக்கேன்" என்று கேட்டிருந்தார்.

நேரில் போய்ப் பார்த்தேன். விரிசலைவிட வேறு ஒன்றுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுவரின் நடுப்பகுதி முன்னால் பிதுங்கியிருந்தது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் மூணு அங்குலம் வெளியே நிற்கிறது. தண்ணீர் வெளியேற விட்டிருந்த குழாய் ஒவ்வொன்றுக்கும் வாயில் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். சுவருக்குக் கீழே இருபது அடி தள்ளி நாலு லைன் வீடு. எஸ்டேட்டில் வேலை செய்கிற நாலு குடும்பம் அங்கே குடியிருக்கிறது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மலையில் தாங்கு சுவர் விழுந்தால் பெரும்பாலும் அதைத் தள்ளியது மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர். "இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் மலையில் யாரும் சுவர் கட்டக் கூடாது. அந்தப் பதில் கீழே இருக்கிறவர் வீட்டு வாசலாக இருந்தால், அது பதிலே கிடையாது.

நண்பரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் சுவரே விழுந்திருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சுவர் விழுந்த கதை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடற்கரையோடு போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம். அது மெதுவாக உள்ளே வந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். எங்க ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். வருஷம் பூராவும் சேர்த்தே ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் பெய்கிற மலை இது. சேலத்திலிருந்து மேலே வரும் மலைப்பாதையில் பல இடத்தில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. அதே மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பேப்பரில் படித்திருப்பீர்கள்.

அந்த மழையில் விழுந்தது எங்க காப்பிக் களத்துச் சுவர். பழம் காயவைக்க இடம் பத்தவில்லை என்று 2018-இல் சரிவில் மண்ணைக் கொட்டி களத்தை அகலப்படுத்தினேன். முன்னால் 9 அடிக்குக் கருங்கல்லும் சிமென்ட் கலவையும் வைத்துச் சுவர். கொத்தனார் நல்லவர், அஞ்சடிக்கு ஒரு குழாய் வைத்துத்தான் கட்டினார். இரண்டு மழைக்காலம் போனதும் குழாய் வாயிலிருந்து சுவரெல்லாம் செம்மண் கறை வழிந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று நானே கலவை குழைத்து அடைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் கையால் செய்தேன்.

டிசம்பர் 2 விடியற்காலை ஒரு சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்தால் 25 அடி நீளத்துக்குச் சுவர் இல்லை. களத்தின் பாதி கீழே பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கிறது. அவர்களுடைய ஆட்டுக் கொட்டகையின் ஒரு ஓரத்தை அமுக்கியிருந்தது. ஒரு கிடா செத்துப்போனது. மழை வலுக்கிறதென்று முதல் நாள் சாயங்காலமே மற்ற ஆடுகளை அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். பகலாக இருந்து அந்தக் கொட்டகையில் ஆள் இருந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதே களத்துக்கு மேல்பக்கம், எங்க தாத்தா காலத்துக் கல்கட்டு ஒன்று இருக்கிறது. கலவை கிடையாது, வெறும் கல்லின் மேல் கல். அன்றைக்கு அதன் இடுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சல்லடை மாதிரி. மறுநாள் பார்த்தால் மேல் வரிசையில் நாலு கல் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"பழசுதான் நல்லது" என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். எங்க பக்கம் அதே மழையில் பழைய கல்கட்டும் விழுந்தது. சாலைத் தண்ணீரைத் திருப்பி அதன் தலையில் விட்ட இடத்தில் விழுந்தது. காரை இருந்ததா இல்லையா என்பதைவிட, தண்ணீர் போக வழி இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

படித்தவர்கள் நீங்கள், ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரச் சுவர். பின்னால் ஈரமில்லாத நல்ல மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது தள்ளுகிற பலம் தோராயமாக 2.7 டன். அதே மண்ணில் உச்சி வரை தண்ணீர் தேங்கினால் அது 6 டன் பக்கம் போகிறது. அதில் நாலரை டன் தண்ணீரே தள்ளுவது. மண்ணுக்குத் துகளோடு துகள் உரசுகிற பிடிப்பு உண்டு, அது தன் பாரத்தில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்கு அந்தப் பிடிப்பே கிடையாது. முழுசாகத் தள்ளும்.

ஆகவே தண்ணீருக்கு வழி விட்ட சுவரும் விடாத சுவரும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் சுமக்கிற பாரம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வழி விடாத தாங்கு சுவர் ஒரு அணைக்கட்டு. அணை கட்டுகிற கணக்கில் யாரும் வீட்டுச் சுவருக்குச் செலவு செய்வதில்லை.

இன்னொரு கணக்கு உயரம். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நாலு மடங்காகும். கவிழ்க்கிற வேகம் எட்டு மடங்காகும். திருப்பிப் பார்த்தால் இது நல்ல செய்தி: 10 அடிச் சுவர் ஒன்றுக்குப் பதில் 5 அடிச் சுவர் இரண்டாகப் படி வைத்துக் கட்டினால், ஒவ்வொன்றும் கால் பங்கு பலத்தைத் தாங்கினால் போதும். ஆனால் மேல் சுவரைக் கீழ்ச் சுவரிலிருந்து அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். நெருக்கி வைத்தால் மேல் சுவரின் பாரமும் கீழ்ச் சுவரின் முதுகில் ஏறிவிடும். மலைக்காரர்கள் படிப்படியாக வரப்பு வைத்து வெள்ளாமை செய்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

எங்க மலையில் கூடுதலாக ஒரு விஷயம். சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்கிற கெட்டியான கரும்பாறை. அதன் மேல் அந்தப் பாறை மக்கிய செம்மண், இடத்துக்கு இடம் கனம் மாறும். மழைத்தண்ணீர் செம்மண்ணுக்குள் சர்ரென்று இறங்கும். பாறையைத் தொட்டதும் கீழே போக வழியில்லாமல் பாறை முகத்தோடு சரிவில் ஓடும். ஜேசிபி வைத்து மலையை வெட்டும்போது நீங்கள் அந்த ஓட்டத்தைத்தான் குறுக்கே வெட்டுகிறீர்கள். வெயில் காலத்தில் வெட்டினால் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் வெட்டின முகம் முழுவதும் ஊற்று கிளம்பும்.

ஹாங்காங் பட்ட பாடு

மலைச் சரிவில் நெருக்கி வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கெல்லாம் முன்னாடி அனுபவித்த ஊர் ஹாங்காங். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவு, 138 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1977-இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கென்றே அரசு ஒரு அலுவலகம் திறந்தது. அப்படியும் 1994 ஜூலை 23 அன்று க்வுன் லுங் லாவ் என்ற குடியிருப்புக்குக் கீழே ஒரு பழைய கல் தாங்கு சுவர் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். விசாரித்ததில் தெரிந்தது, மேலே பூமிக்குள் புதைத்திருந்த மழைநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் கசிந்து கசிந்து சுவருக்குப் பின்னால் இருந்த மண் ஊறிப்போயிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நண்பர் வீடுதான் ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போகிறது? சுவருக்குப் பின்னால் கொட்டின மண்ணுக்குள். பாத்ரூம் தண்ணீர்? அதுவும் அங்கேதான், ஒரு உறிஞ்சு குழியில். மழைக்காலம் மட்டும் இல்லை, அவர்கள் வந்து தங்கும் ஒவ்வொரு லீவிலும் அந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஹாங்காங்கில் இன்றைக்கு மனுசன் வெட்டிய சரிவும் தாங்கு சுவருமாகச் சேர்ந்து ஏறக்குறைய 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதை எழுதிய பலகை அங்கேயே இருக்கும். உடமைக்காரர்தான் பராமரிக்க வேண்டும். நமக்கு 60,000 எல்லாம் வேண்டாம். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் கீழே வீடோ பாதையோ இருக்கிற, ஆள் உயரத்துக்கு மேல் போகிற சுவர்களை மட்டும் ஊராட்சி வாரியாக ஒரு நோட்டில் எழுதினால் போதாதா? எந்த வருஷம் கட்டியது, யாருடையது, கடைசியாக எப்போது பார்த்தார்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு எந்த வீட்டுக்காரரை முதலில் எழுப்ப வேண்டும் என்பதாவது தெரியும்.

இடம் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது

நகரத்திலிருந்து இங்கே இடம் வாங்க வருகிற நண்பர்கள் முதலில் கேட்பது "வியூ எப்படி?" அடுத்தது "ஜேசிபி உள்ளே வருமா?" மலைக்கு ஆசைப்பட்டு வந்து, முதல் வேலையாக அதைச் சமமாக்குகிறோம். சரிவில் வீடு கட்ட முடியாதென்று இல்லை. வீட்டை இரண்டு மட்டமாகப் பிரித்து, முன்பக்கம் தூண் மேல் நிறுத்தினால் வெட்டுகிற மண் பாதியாகும். வெட்டாத மண்ணுக்குச் சுவர் தேவையில்லை. அதுதான் இருப்பதிலேயே மலிவான தாங்கு சுவர்.

வாங்கும் முன் ஒரு முறையாவது மழை நாளில் வந்து இடத்தைப் பாருங்கள். எங்கே ஊறுகிறது, எங்கே ஓடை பிடிக்கிறது, மேலே இருக்கிற சாலைத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிற வயசானவர்களிடம் கேளுங்கள், "இங்கே எப்பவாவது மண்ணு இறங்கியிருக்குதுங்களா?" என்று. பத்திரத்தில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும். மேலேயும் கீழேயும் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சுவர் அவர்களுக்கும் சேர்த்த விஷயம்.

அனுமதி விஷயமும் உண்டு. 1990-இல் வந்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு ஏற்காட்டுக்கும் இருக்கிறது. பல துறை மேசைகளைத் தாண்ட வேண்டும், நாளாகும், அலுப்புத்தான். அதனால் "முதல்ல வெட்டிடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிற பழக்கம் வந்துவிட்டது. அலுப்பை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தர், வெட்டுவதற்கு முன்னாடி வந்து பார்ப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கட்டும்போது கூடவே நில்லுங்க

என் சுவரைத் திரும்பக் கட்டியபோது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். 5 அடிக்கு மேல் போனாலோ, மேலேயோ கீழேயோ வீடு இருந்தாலோ ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதற்கு நான் எழுதுவதை நம்பாதீர்கள். அதற்குக் குறைவான தோட்டத்துக் கல்கட்டுக்கு இது போதும்.

வானம் தோண்டுவது கெட்டி மண் வருகிற வரைக்கும். கொட்டின மண்ணின் மேல் சுவர் வைக்கக் கூடாது. அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். கடக்கால் தளம் மலையைப் பார்த்துக் கொஞ்சம் உள்சாய்வாக இருக்க வேண்டும். சுவர் முகமும் ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் மலைப்பக்கம் சாயட்டும். நேராக நிற்கிற சுவர் கொஞ்சம் நகர்ந்தாலே வெளியே சாய்ந்துவிடும்.

உருண்டைக் கல் ஆகாது. ஒரு கல் இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும், இடுக்குகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. மூணு நாலு அடிக்கு ஒரு நீளக் கல், முன்முகத்திலிருந்து பின்முகம் வரை குறுக்கே போக வேண்டும். முன்னால் அழகான கல்லை நிறுத்தி உள்ளே பொடிக்கல்லைக் கொட்டி நிரப்பினால் அது சுவர் இல்லை, இரண்டு திரைக்கு நடுவில் குப்பை. இந்த வேலை நடக்கும்போது நீங்கள் கூட நிற்க வேண்டும். முடிந்த பிறகு உள்ளே பார்க்க முடியாது.

சுவருக்குப் பின்னால் ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்குச் சுத்தமான உடைகல், கீழிருந்து மேல் வரை. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் மண் வந்து கல் இடுக்கை அடைக்காது. அடியில் ஓட்டை போட்ட குழாய், ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்து. கலவை வைத்த சுவரானால் அஞ்சடிக்கு ஒன்றாக மூணு நாலு அங்குலக் குழாய், வெளியே பார்த்துச் சாய்வாக. வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, அடி வரிசை தரையை ஒட்டி. மண்ணை ஒரே தடவையில் கொட்டாமல் முக்கால் அடிக்கு முக்கால் அடி திமிசு போட்டு ஏற்ற வேண்டும். உச்சியில் ஒரு அடிக்குக் களிமண் போட்டு, அதற்கு மேல்பக்கம் ஒரு வாய்க்கால் எடுத்து, மேல்தண்ணீரைச் சுவருக்கு வரவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அந்த வாய்க்கால் ஓடையில் போய் முடிய வேண்டும். ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் பக்கவாட்டில் போகாமல் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும். சில்வர் ஓக் மாதிரி பெரிய மரத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

கல் வேலை தெரிந்த ஆள் இன்றைக்குக் கிடைப்பதில்லை, கான்கிரீட் சுலபம் என்பார்கள். உண்மைதான், எனக்கே ஆள் கிடைக்க ரெண்டு மாசம் ஆனது. காரணம், யாரும் அந்த வேலைக்குக் கூப்பிடாததால் அவர்கள் பிள்ளைகள் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டார்கள். காரை இல்லாத கல்கட்டை ஏதோ பழங்காலத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் மலைப்பகுதித் தாங்கு சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற தர விதி இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதி முழுக்கக் காரையில்லாத கல் சுவர் கட்டுவது பற்றியது. ஐரோப்பாவில் எட்டு நாடுகள் சேர்ந்து இந்தக் கைவேலையை 2018-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. கான்கிரீட் எனக்கு எதிரி இல்லை. உயரமான இடத்துக்கு அதுதான் வேண்டும். ஓட்டையில்லாத கான்கிரீட்தான் ஆபத்து.

ரிப்பேர் என்பது பூசுவது இல்லை

விரிசலைப் பூசினால் விரிசல் மறையும், காரணம் உள்ளேயே இருக்கும். முதலில் அது இன்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சிமென்ட் பட்டை வைத்துத் தேதி எழுதுங்கள். அது உடைந்தால் சுவர் நடக்கிறது என்று அர்த்தம். தூக்குக் குண்டு விட்டு அளந்து எழுதி வையுங்கள், மாசம் ஒரு தடவை.

நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்க் குழாய்களைப் பாருங்கள், ஆனால் சுவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் நிம்மதி. சுவர் ஈரமாக இருந்தும் ஒன்றுமே வராவிட்டால் அடைப்பு. கலங்கல் தண்ணீர் விடாமல் வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது. சுவருக்கு மேல் தரையில் புதுசாகக் கோடு விழுந்தாலோ, நேராக நின்ற மரம் சாய்ந்தாலோ, கீழே இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ இன்ஜினியர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஆட்களைக் கீழேயிருந்து வெளியேற்றுங்கள்.

பிரித்துக் கட்ட வேண்டியிருந்தால் தை, மாசி, பங்குனிதான் காலம். ஆறு ஏழு அடி நீளமாகப் பிரித்துக் கட்டி, அது முடிந்த பிறகு அடுத்தது. ஒரே மூச்சில் முழுசையும் பிரித்தால் மலையே இறங்கி வரும். சுவரின் காலடியில் தோண்டாதீர்கள். பாதி இடத்தில் சுவர் விழக் காரணமே, "கொஞ்சம் பாதை அகலப்படுத்தலாம்" என்று காலடியில் வெட்டுவதுதான். இந்தத் தப்பில் நகரத்துக்காரர், ஊர்க்காரர் என்ற வித்தியாசமே கிடையாது. எங்க ஆட்களும் ஜீப் பாதைக்கு இப்படித்தான் வெட்டுகிறோம்.

லைன் வீட்டு வாசலில்

நண்பரிடம் கேட்டேன், "தம்பி, குழாயை ஏன் அடைச்சீங்க?"

"நானா அடைக்கலைண்ணா. கீழ இருக்கிறவங்க வந்து சண்டை போட்டாங்க. மழைன்னா எங்க வாசல்ல உங்க வீட்டுத் தண்ணி வருது, பாத்ரூம் நாத்தமும் வருதுன்னு சொன்னாங்க. சரின்னு அடைக்கச் சொல்லிட்டேன்."

அவர் செய்தது அவருக்கு நியாயம். அவர்கள் கேட்டதும் நியாயம். இரண்டு நியாயமும் சேர்ந்து அவர்கள் தலைக்கு மேல் ஒரு அணையைக் கட்டிவிட்டது. கட்டும்போதே அந்தக் குழாய்த் தண்ணீரை ஒரு வாய்க்காலில் பிடித்து ஓடைக்குக் கொண்டுபோயிருந்தால் சண்டையே இல்லை. ஓடை அறுபது அடியில்தான் இருக்கிறது.

நாங்கள் ரெண்டு பேரும் கீழே இறங்கிப் போனோம். நண்பர் அந்த வாசலில் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் வானம் பாதி, சுவர் பாதி. கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. முதல் வீட்டு அக்கா காப்பித் தண்ணி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். "தண்ணி வர்றதுக்கு நாங்க என்னங்க தம்பி சொல்லப்போறோம், மலைன்னா வரத்தான் செய்யும். வீட்டுக்குள்ள வராம ஓரமா போனா சரிங்க" என்றார். வாய்க்கால் அவர்கள் வீட்டு ஓரமாகத்தான் போக வேண்டும். இடம் எஸ்டேட்டுடையது. அங்கேயும் போய்க் கேட்டோம், சரி என்றார்கள்.

இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, பிதுங்கின சுவரில் துளை போட வேண்டாம், மேலே கொட்டின மண்ணை முதலில் எடுத்துப் பாரத்தைக் குறையுங்கள் என்றார். சுவரை 5 அடிக்கு இறக்கி, பின்னால் தள்ளி இன்னொரு 5 அடி. வீட்டு முன்னால் இருந்த புல்வெளியில் பாதிக்கு மேல் போய்விடும். அவர் பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம். நண்பருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொண்டார். மாடித் தண்ணீருக்கும் பாத்ரூம் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், சுவர்ப் பக்கமே வராமல். வேலை முடியும் வரை மழை எச்சரிக்கை வந்தால் நாலு குடும்பமும் எங்க காப்பி குடோனில் வந்து படுத்துக்கொள்வதென்று பேசியிருக்கிறோம். குடோனைச் சுத்தம் பண்ணி வைத்துவிட்டேன்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் சிலருக்கு ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இடம் இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சுவரை மேலிருந்து பார்க்காமல், கீழே இறங்கிப் போய் அங்கே குடியிருக்கிறவர் வாசலில் நின்று பாருங்கள். குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். பங்குனி முடிவதற்குள் போய்விட்டு வந்தால் நல்லது.